சுக்கான் பூமி

எங்கள் வீட்டு உள்ளறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து ஒரு கல் கிடக்கிறது. தேங்காய் அளவு இருக்கும். அழுக்கு வெள்ளை. ஒரு பக்கம் பூசின சுவர் மாதிரி வழவழப்பு, மறுபக்கம் கூழாங்கற்கள் ஒட்டிக்கொண்டு சொரசொரப்பு. காலையில் கண் விழித்ததும் முதலில் அதுதான் கண்ணில் படும். பட்டதும் எனக்குக் குமட்டும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. வாயில் உப்பு நீர் ஊறி, எழுந்து போய்க் கொப்பளித்துவிட்டுத்தான் மறு வேலை.

கல் ஒரு பாவமும் அறியாது. அருவருப்பு என் மேல்தான். ஆனால் கண்ணாடி முன் நின்று தினமும் தலை வாரியாக வேண்டுமே, அங்கே நின்று தன்னைத்தானே காறித் துப்ப முடியுமா? அதனால் எல்லாவற்றையும் கல்லின் மேல் ஏற்றி வைத்திருந்தேன்.

நான் மண் பரிசோதிக்கிறவள். யாங்கோன் நகரத்தின் லத்தா பேட்டையில் ஓர் உரக் கடை, மொத்த வியாபாரம். அதன் இரண்டாம் மாடியில் என் வேலையிடம். ஆராய்ச்சிக்கூடம் என்று பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, நாலு சல்லடை, மண்ணின் புளிப்பை அளக்க ஒரு மீட்டர், அமிலம் வைத்த சொட்டுப் புட்டி, பழைய செய்தித்தாள் கட்டு. கீழ்ப் பர்மாவின் வயல்களிலிருந்து பிளாஸ்டிக் பைகளில் மண் வரும். ஈரத்தோடு கட்டியதால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதைச் செய்தித்தாளில் பரப்பிக் காயவைப்பேன். பக்கத்து மேசைக் கணக்காளர் வெற்றிலையை மென்றுகொண்டே வந்து எட்டிப் பார்ப்பார், சாறு ஒழுகும். இருபது வருஷமாக என் மதியச் சாப்பாடு இந்த இரண்டு வாசனைக்கும் நடுவில்தான்.

முடிவை எழுதித்தர ஒரு படிவம் உண்டு. அதன் கடைசி வரி, 'சுண்ணாம்புத் தூள் போடவும்' என்பது, முன்கூட்டியே அச்சடித்திருக்கும். ஏனென்றால் கீழே கடையில் சுண்ணாம்புத் தூள் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது. எங்கள் பக்கத்து மண் பெரும்பாலும் சுண்ணாம்பு கேட்கிற புளித்த மண் என்பதால் அந்த வரி பெரும்பாலும் சரியாகவும் இருந்துவிடும். அதுதான் அதன் அசிங்கம். பார்க்காமலே சொல்லலாம், பாதிக்கு மேல் பலிக்கும். விவசாயிகள் படிவத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு 'சயாமா' என்று குனிவார்கள். வாத்தியாரம்மா என்று அர்த்தம். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். இதையும் சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

எங்கள் வம்சம் கடற்கரை. தமிழ்நாட்டுக் கடலோர ஊரிலிருந்து கப்பலேறி வந்து கடை வைத்தவர்கள். எங்களில் அண்ணனைக் காக்கா என்போம், அண்ணன் மனைவியை மச்சி என்போம். என் காக்கா கடை வைக்கவில்லை, ஆற்றில் இறங்கினார். யாங்கோன் படித்துறையிலிருந்து அக்கரையில் தன்லியின் என்கிற ஊருக்கும் அதற்குக் கீழேயும் சரக்கு ஏற்றிப்போகும் படகில் சுக்கான் பிடித்தார். படகைத் திருப்புகிறது சுக்கான், அதைப் பிடிக்கிறவர் சுக்கானி. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது. காரில் இருப்பதும் சுக்கான்தான். "இந்த வூட்டுக்குச் சுக்கான் ஒன் மச்சிதான்" என்று காக்கா சொல்லிச் சிரிப்பார். தெருவில் எல்லோருக்கும் அவர் சுக்கானி பாய்.

வீடு மூன்றாம் மாடியில். ஒரு கூடம், ஓர் உள்ளறை, பின்னால் அடுக்களை. உள்ளறையில் காக்காவும் மச்சியும் அவர்கள் மகளும். நான் கல்யாணம் ஆகாதவள், கூடத்தில் ஒரு திரைக்குப் பின்னால். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவது என் தலைமாட்டில். சொந்தக்காரர்கள் சாவகாசமாக உட்கார்ந்து பேசுவது என் கால்மாட்டில். உடை மாற்ற வேண்டுமானால் குளியலறைக்குள் போக வேண்டும், குளியலறையில் யாராவது இருந்தால் நிற்க வேண்டும். காய்ச்சலில் கிடந்தால்கூடத் திரை விலகும், யாராவது தலையை நீட்டி "தூங்குறியா?" என்று கேட்பார்கள். மகளைத் தன்லியினில் கட்டிக்கொடுத்த பிறகும் உள்ளறை காக்காவுக்கும் மச்சிக்கும்தான். அதில் தப்பே இல்லை. எனக்கு அந்த அறைகூட வேண்டாம், அந்தக் கதவுதான் வேண்டும். சாத்தினால் சாத்திக்கொள்ளும் ஒரு மரக்கதவு, ஒரு தாழ்ப்பாள். நாற்பத்தைந்து வயதுவரை நான் எதையும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு செய்ததில்லை, குளிப்பதைத் தவிர.

இதைக் காக்காவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

காக்காவுக்குத் தோள்பட்டை போனது. சுக்கானைப் பிடித்துப் பிடித்து வலது கை மேலே எழும்பவில்லை. "தண்ணியில இருந்தது போதும் புள்ளே, இனி மண்ணுல இருப்போம்" என்று சொல்ல ஆரம்பித்தார். எங்கிருந்தோ ஒரு நிலத் தரகன் வந்து ஒட்டிக்கொண்டான். வாயில் சர்க்கரை, கையில் இரண்டு போன். அஞ்ஞாவில் நிலம் இருக்கிறது, எலுமிச்சை வைக்கலாம் என்றான். அஞ்ஞா என்று பர்மியர் சொல்வது நடுநாட்டை. மேற்கே மலைத்தொடர், கிழக்கே மேட்டுநிலம், மேகமெல்லாம் மேற்கு மலையிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு இறங்கும் படுகை. இங்கே யாங்கோனில் சுவர் பாசி பிடித்து ஒழுகும் மாதத்தில் அங்கே ஆடு நிழல் தேடிக்கொண்டிருக்கும்.

காக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பால் டின் ஒன்றில் மண் கொண்டு வந்திருந்தார், வாயைப் பிளாஸ்டிக் தாளால் கட்டி. முகம் பூராவும் சிரிப்பு.

"கேளு புள்ளே. அங்க நம்மாளு ஒருத்தரு ஈக்குறாரு. கெணறு வெட்டுறவரு. பெகு பக்கத்துத் தமிழரு, பொழப்புக்கு மேல போனவரு. நெலத்தச் சுத்திப் பாத்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா? 'இது சுக்கான் பூமி பாய், பாத்துக்குங்க'ன்னாரு! நான் சுக்கானின்னு அவருக்குத் தெரியவே தெரியாது. நான் சொல்லவே இல்ல. தானா அவரு வாயில வருது!"

மச்சி கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு, "மாஷா அல்லா" என்றாள். "பாத்துக்குங்கன்னா பொறுப்பா வச்சிக்குங்கன்னுதானே? நமக்குன்னே இருந்திருக்கு அந்த மண்ணு."

எனக்கும் புல்லரித்தது. பொய் சொல்ல மாட்டேன். சொல்லும் ஆளும் இப்படி வந்து பொருந்துவது லேசான காரியமா என்று நானும் நினைத்தேன்.

"நீ ஒரு வார்த்த சொல்லிட்டா முடிச்சிடுவேன்" என்று காக்கா டின்னை என் கையில் கொடுத்தார். "தரகன் பேச்சக் கேட்டா வாங்குறேன்? நீ ஈக்கும்போது எனக்கென்ன?"

மறுநாள் மதியம் முதலாளி கீழே இருந்த நேரத்தில் டின்னை அவிழ்த்தேன். வெளுத்த பழுப்பு மண், ஒட்டாமல் உதிர்ந்தது. சல்லடையில் கொட்டினேன். மண் இறங்கிவிட்டது, ஒரு கூழாங்கல் மட்டும் மேலே நின்றது. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிது. சாதாரணக் கல் என்று எறியப் போனேன், விரல் அடிப்பக்கத்தைத் தொட்டது. திருப்பினேன். வயிற்றுப் பக்கம் மட்டும் வெள்ளையாகப் பூச்சு.

என் மேசை இழுப்பறையில் அட்டை போன ஒரு தடித்த புத்தகம் கிடக்கிறது, நகலெடுத்துக் கட்டியது. பாலைநிலப் படுகைகளின் மண்ணைப் பற்றியது. யாங்கோனில் அதற்கு ஒரு வேலையும் இல்லை, யாரோ விட்டுப் போனது. மழைக்காலத்தில் மாதிரி வராத நாட்களில் படிக்க வேறொன்றும் இல்லாததால் அதை நான் முதலிலிருந்து கடைசிவரை படித்திருக்கிறேன். அதில் இந்தக் கல்லின் படம் இருந்தது. அச்சு அசலாக இதே கல்.

விஷயம் எளிதுதான். அந்த மாதிரிப் படுகையில் பெய்வது கொஞ்சம் மழை. அது மேல்மண்ணில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். ரொம்ப தூரம் போகத் தெம்பிருக்காது. எங்கே காய்ந்து போகிறதோ அங்கேயே சுண்ணாம்பைப் போட்டுவிட்டு மறைந்துவிடும். வருஷா வருஷம் அதே ஆழத்தில், கெண்டியின் அடியில் உப்பு படிகிற மாதிரி. முதலில் வெள்ளை நூல் நூலாக, பிறகு கூழாங்கற்களின் அடிவயிற்றில் பூச்சாக, பிறகு இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு ஒரே தளமாக இறுகிவிடும். இறுகிய பின் தண்ணீர் அதைத் தாண்டாது. வேரும் தாண்டாது. அடிவயிறு வெளுத்த கல்லைக் கண்டால் கீழே தோண்டிப் பார், தோண்டாமல் ஒரு மரமும் வைக்காதே என்பதுதான் அந்த அத்தியாயத்தின் சாரம்.

புட்டியை எடுத்துக் கல்லின் மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டேன். சோடாவைத் திறந்த மாதிரி சுர்ரென்று பொங்கியது. இரண்டாவது சொட்டு. மறுபடி பொங்கியது. மூன்றாவது சொட்டுக்கு அவசியமே இல்லை, இருந்தும் விட்டேன். மீட்டரும் சொன்னது. எல்லாமே ஒரே பதிலைத்தான் சொல்லின.

நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே வாக்கியம். 'இரண்டடி தோண்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள் காக்கா.' அவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால் அவர் தோண்டியிருப்பார். அப்புறம் நிலம் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். அப்புறம் அவரும் மச்சியும் உள்ளறையிலேயே இருந்திருப்பார்கள், நான் செருப்புகளின் பக்கத்தில் படுத்திருப்பேன், அப்படியே கிழவியாகியிருப்பேன். இத்தனையும் அந்தச் சுர்ரென்ற சத்தம் அடங்குவதற்குள் என் மண்டையில் ஓடி முடிந்துவிட்டது. மனுஷ மூளை கேவலத்துக்கு வேலை செய்யும் வேகத்தில் வேறெதற்கும் வேலை செய்வதில்லை.

கல்லைக் குப்பைக்கூடையில் போட்டேன். கணக்காளரின் வெற்றிலைச் சக்கை சுற்றிய தாள் ஒன்று கூடையில் கிடந்தது, அதற்கு அடியில் போகும்படி காலால் கூடையை ஆட்டிவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய், "நல்ல மண்ணு காக்கா, மரம் வைக்கலாம்" என்றேன். நாக்கு கூசவில்லை. காக்கா டின்னைத் திரும்ப வாங்கி ஜன்னல் மேல் பத்திரமாக வைத்தார்.

அவர்கள் பஸ் ஏறிப்போன அன்று உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். அந்தச் சந்தோஷம் பொய் என்று இப்போது சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் பொய் இல்லை. அத்தனை நன்றாகத் தூங்கியதே இல்லை.

முதல் வருஷம் எலுமிச்சங்கன்றுகள் நன்றாகத்தான் வந்தன. ஒன்றரை அடி மண்ணில் எந்தக் கன்றும் ஒரு வருஷம் பிழைக்கும். காக்கா போனில் படம் அனுப்புவார். வரிசை வரிசையாகக் கன்றுகள், நடுவில் மச்சி தலையில் துண்டு கட்டிக்கொண்டு தண்ணீர்க் குடத்தோடு. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசி அஞ்ஞாக்காரி மாதிரியே ஆகியிருந்தாள். நான் பூப்படமும் கைகூப்பிய படமும் பதிலுக்கு அனுப்புவேன். அந்தக் கைகூப்பிய படங்களை நினைத்தால் இப்போது விரல்களைக் கழுவ வேண்டும்போல் இருக்கிறது.

இரண்டாம் வருஷம் இலைகள் மஞ்சளாயின. நரம்பு பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். "இது என்ன சீக்கு புள்ளே?" என்று கேட்டார். இரும்புச் சத்து வேருக்கு எட்டவில்லை, மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதை விடாது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கடையிலிருந்து இரும்பு உப்புப் பொட்டலங்களைப் பஸ்ஸில் அனுப்பினேன், கரைத்து ஊற்றச் சொன்னேன். சுண்ணாம்பு மண்ணில் அதை ஊற்றுவது சாக்கடையில் பன்னீர் தெளிப்பதுதான். ஆனாலும் அனுப்பினேன், ஏதோ செய்கிறேன் என்று காட்ட. பூசி மெழுகுவதில் அந்த மண்ணே என்னிடம் பாடம் கேட்கலாம்.

மூன்றாம் வருஷம் மச்சி போனில் பேசினாள். "நீ வந்து பாருளா. அவஹ சாப்புடவே மாட்டேங்குறாஹ" என்றாள். போனேன். பஸ்ஸில் ஒரு பகலும், வழியில் நிறுத்தி நிறுத்திச் சோதனையும்.

கன்றுகள் என் இடுப்புக்குக்கூட வளரவில்லை. காக்கா ஒன்றைப் பிடித்து இழுத்துக் காட்டினார். தோள்பட்டை போன மனிதர், இடதுகையால் இழுத்தார், வந்துவிட்டது. வேர் தட்டையாக நாலாபுறமும் விரிந்திருந்தது. ஒன்றுகூடக் கீழ்நோக்கிப் போகவில்லை. மிதித்து நசுக்கின சிலந்தியைப் போல் இருந்தது. 

கிணறு வெட்டுகிறவர் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் கடப்பாரை. காக்காதான் கூப்பிட்டிருந்தார், தங்கச்சி முன்னால் தோண்டிப் பார்த்துவிடலாம் என்று. அவர் என்னைப் பார்த்து, "இவங்கதான் மண்ணு பாக்குற தங்கச்சியா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் காக்கா. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் கடப்பாரையைப் பார்த்தேன்.

குழி இறங்கியது. ஒன்றரை அடி பழுப்பு மண். அதன் கீழே வெள்ளை நூல்கள், எப்போதோ செத்த புல்வேர்கள் போன வழியில். அதன் கீழே கூழாங்கற்கள், எல்லாவற்றுக்கும் அடிவயிறு வெள்ளை. புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் படித்தது முழம் முழமாக இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு கடப்பாரை 'ணங்' என்றது. அடுத்த குத்துக்கும் ணங். அவர் மண்ணைக் கையால் தள்ளிக் காட்டினார். யாரோ கொத்தனார் வந்து தளம் பூசிவிட்டுப் போனது போல வழவழப்பாக வெள்ளைப் பாறை. காக்கா குழிக்குள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் அந்தத் தளத்தின் மேல் அப்படியே நின்றது. நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், அது இறங்கவே இல்லை.

"அன்னிக்கே சொன்னேனே பாய்" என்றார் கிணற்றுக்காரர். "சுக்காம்பூமி, பாத்துக்குங்கன்னு."

காக்கா நிமிர்ந்தார். "சுக்கான்னா..." என்று இரண்டு கையாலும் படகுச் சுக்கானைத் திருப்புகிற மாதிரிக் காட்டினார்.

கிணற்றுக்காரருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கைவைத்தார். "அட ஆண்டவனே. அது படகுல பாய். எங்க பக்கம் சுக்கான்னா இந்தக் கல்லு. சுண்ணாம்புக் கல்லு. எங்க அப்பன் பாட்டன் எல்லாம் அப்படித்தான் சொல்லும். பாத்துக்குங்கன்னா ஜாக்கிரதையா இருங்கன்னு அர்த்தம் பாய்!"

காக்கா குழியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மச்சி சிரிக்கவில்லை. காலிக் குடத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வெடித்துப்போன உள்ளங்கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

என்ன நடந்ததென்று எனக்கு உடனே புரிந்தது. பழி சொல்லின் மேல் விழுந்துவிட்டது. கடற்கரைத் தமிழனுக்கு ஒன்று, காட்டுத் தமிழனுக்கு ஒன்று என்று இரண்டு அர்த்தம் வைத்துக்கொண்ட ஒரு சொல்தான் குற்றவாளி. என் டின்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது வந்தது நிம்மதி. வேறு எதைச் சொன்னாலும் அது பொய். அந்தக் குழியின் விளிம்பில் நின்று, வளராத கன்றுகளுக்கு நடுவில், நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். இன்று எனக்குக் குமட்டுவது அந்த மூச்சை நினைத்துத்தான்.

அந்த மழைக்காலத்திலேயே காக்காவும் மச்சியும் திரும்பி வந்துவிட்டார்கள். தரகனின் இரண்டு போனும் அணைந்திருந்தன. நிலத்தை யார் கேட்பார்கள், அது அங்கேயே கிடக்கிறது. இரண்டு பையும் ஒரு கல்லும் கொண்டுவந்தார் காக்கா. கல், குழியிலிருந்து உடைத்த துண்டு. நான் உள்ளறையைக் காலி செய்யப் போனேன், அவர் விடவில்லை. "யபாடெ, யபாடெ" என்றார். பரவாயில்லை என்பதற்கு இந்த ஊர்ச் சொல். "நாங்க கெழடுங்க, எங்க கெடந்தா என்ன? ஒனக்குப் பழகிடுச்சி, நீயே இரு." என் பழைய திரைக்குப் பின்னால், செருப்புகளின் பக்கத்தில், அவரும் மச்சியும் பாய் விரித்தார்கள்.

கட்டடம் பழையது, சாய்ந்தது. உள்ளறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். கரண்ட் இல்லாத நேரத்தில் எனக்குக் காற்று வேண்டுமே என்று காக்கா அந்தக் கல்லைக் கொண்டுவந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தார். எனக்காகத்தான். சாத்துகிற கதவுக்காக நான் செய்ததெல்லாம் செய்தேன், கடைசியில் அது சாத்த முடியாதபடி அவர் அன்பாக ஒரு சுக்கான் கல்லை வைத்துவிட்டார். அதை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

கதை தெருவுக்குப் போனது. காக்காவே சொன்னார், டீக்கடையில், சிரித்துக்கொண்டே. முதலில் அவரோடு சேர்ந்து சிரித்தவர்கள் பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். "சுக்கானி பாய் நெலத்துல படகு ஓட்டப் போனாரு" என்றான் மீன் விற்கிறவன். தன்லியினிலிருந்து வந்த மருமகன் பர்மியில் ஏதோ கேலி சொல்லி, காக்கா தலையைக் குனிந்துகொண்டார். முப்பது வருஷம் ஒரு படகையும் இடிக்காத மனிதர். இந்த ஆற்றில் எந்த வளைவில் மணல் ஏறியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவரைத் தெரு முட்டாளாக்கியது. நான் பார்த்துக்கொண்டு டீ குடித்தேன்.

ஒருநாள் மதியம், கரண்ட் இல்லை, வெளியே மழை. மச்சி கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். காக்கா ஏதோ எடுக்கப் போய் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டார். அவ்வளவுதான். மச்சி இத்தனை மாதம் அடக்கி வைத்தது வெடித்தது.

"ஒரு வார்த்த புரியல ஒங்களுக்கு! ஒரே ஒரு வார்த்த! அந்தாளுகிட்ட என்னன்னு திருப்பிக் கேட்டீங்களா? இத்தன வயசுக்கு ஒரு வார்த்த புரியாம எல்லாத்தையும் கொண்டுபோய்க் கல்லு மேல கொட்டிட்டு வந்து..."

காக்கா சிதறின மொச்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார், இடதுகையால். வலது கை மடியில் கிடந்தது.

நான் உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது, கல் இருந்ததால். அதனால் எல்லாம் தெரிந்தது. இனி உட்கார்ந்திருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. எழுந்து வந்து வாசலில் நின்றேன்.

"மச்சி, வார்த்தையில ஒண்ணுமில்ல. நான் பாத்தேன்" என்றேன். "டின்னுல ஒரு கல்லு இருந்துச்சி. அடியில வெள்ளையா. அமிலம் விட்டேன், பொங்குச்சி. கீழ பாறை இருக்கும்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சிதான் நல்ல மண்ணுன்னு சொன்னேன்."

மச்சியின் கை நின்றது. காக்கா பொறுக்கிய மொச்சையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தக் கல்ல நான்தான் போட்டேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"கெணறு வெட்டுறவருதான் எடுத்துக் குடுத்தாரு. 'ஒங்க தங்கச்சி மண்ணு பாக்குறவங்கன்னா இதக் காட்டுங்க, அவங்களுக்குத் தெரியும்'னாரு. அதான் டின்னுல போட்டேன். நீ ஒண்ணுமே சொல்லல. அப்ப நல்ல கல்லுதான் போலன்னு நெனச்சேன்."

மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. மச்சி என்னைப் பார்த்த பார்வையை எழுதப் போவதில்லை. அது எனக்குச் சேர வேண்டியது, என்னிடமே இருக்கட்டும்.

"ஏன் புள்ளே?" என்று காக்கா கேட்டார். கோபமே இல்லை. நிஜமாகத் தெரியாமல் கேட்டார்.

"இந்த ரூமு" என்றேன். கதவைக் கையால் தொட்டுக் காட்டினேன்.

அவர் அறையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், தாழ்ப்பாளைப் பார்த்தார். பிறகு கூடத்துத் திரையைத் திரும்பிப் பார்த்தார், இருபது வருஷம் அங்கே ஒரு ஆள் படுத்திருந்தாள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே புள்ளே" என்றார்.

எழுந்து வந்தார். குனிந்து, இடதுகையால் அந்தக் கல்லை எடுத்தார். நான் உள்ளே ஓர் அடி பின்வாங்கினேன். கதவு மெதுவாகத் தானே வந்து சாத்திக்கொண்டது, அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். தாழ்ப்பாள் போட எனக்குக் கை வரவில்லை. வெளியே கல்லைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மொச்சை பொறுக்கும் சத்தம்.

மறுநாள் அவர் டீக்கடைக்குப் போகுமுன் நானே கல்லைக் கொண்டுவந்து கதவு சாத்தாதபடி முட்டுக்கொடுத்தேன். அதிலிருந்து தினமும் நான்தான் வைக்கிறேன். டீக்கடையில் அவர் இன்னும் அதே கதையைத்தான் சொல்கிறாராம், தனக்குச் சுக்கான் புரியவில்லை என்று. என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.